நாஸ்டிக்குகள் யார்? ஆதித் திருச்சபைக் காலத்து ஞானவாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நாஸ்டிக்" என்றால் நாத்திகமா?

இல்லை. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் வரும் குழப்பம் இது. நாத்திகம் என்பது "ந அஸ்தி", அதாவது "இல்லை" என்பதிலிருந்து பிறந்த சொல். நாஸ்டிக் என்பது "க்னோசிஸ்" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. க்னோசிஸ் என்றால் அறிவு. ஏட்டைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஒருவரோடு பழகி அவரை அறிந்துகொள்வதற்கு நெருக்கமான அறிவு அது. "ஞானம்" நமக்கு வடமொழி வழியாக வந்தது. அந்த வடமொழிச் சொல்லும் கிரேக்கத்துக் க்னோசிஸும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே "ஞானவாதம்" என்று தமிழில் சொன்னால் பொருளும் பொருந்துகிறது, வேரும் பொருந்துகிறது.

தமிழ் வேதாகமத்தை வாசித்தவர்கள் இந்தச் சொல்லை ஏற்கெனவே கடந்து வந்திருப்பார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசியில், "ஞானமென்று பொய்யாய்ப் பேர்பெற்றிருக்கிற கொள்கை" என்று வருகிறதே, அங்கே மூலத்தில் இருப்பது க்னோசிஸ்தான்.

இவர்கள் எந்தக் காலத்தவர்கள், எந்த ஊர்க்காரர்கள்?

உச்சக் காலம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டும் மூன்றாம் நூற்றாண்டும். எகிப்தின் அலெக்சாந்திரியா, ரோம், சிரியா ஆகியவை முக்கிய இடங்கள். அலெக்சாந்திரியாவில் பசிலிடெஸ் கற்பித்தார். எகிப்தில் பிறந்து அலெக்சாந்திரியாவில் படித்த வாலண்டினஸ், 140ஆம் ஆண்டையொட்டி ரோமுக்கு வந்து அங்கே பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். அவர் ரோமிலேயே ஆயராகிவிடுவோம் என்று எதிர்பார்த்ததாக, இவர்களை எதிர்த்து எழுதிய சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். குறை சொல்வதற்காக எழுதிய வரி அது. ஆனாலும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. வாலண்டினஸ் வெளியிலிருந்து வந்து கல்லெறிந்தவர் அல்ல. சபைக்குள்ளே மதிப்போடு இருந்தவர்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். "நாஸ்டிக் மதம்" என்று ஒரே தலைமை, ஒரே நூல், ஒரே கோயிலோடு எதுவும் இருந்ததில்லை. பல குருமார், பல குழுக்கள். அவர்களில் பெரும்பாலானோர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். இந்தப் பொதுப்பெயரையே கைவிட்டுவிடலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நான் அதை ஒரு வசதிக்காகப் பயன்படுத்துகிறேன்.

அவர்கள் நம்பியது என்ன?

ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால், அவர் படைத்த உலகில் குழந்தைகள் ஏன் நோயில் சாகின்றன? இந்தக் கேள்விக்கு அவர்கள் துணிந்து சொன்ன பதில்: இந்த உலகத்தைப் படைத்தவர் அந்த உயர்ந்த கடவுள் அல்ல.

அவர்களுடைய எழுத்துகளில் ஒன்றான "யோவானின் இரகசிய நூல்" இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பெயரிட முடியாத, கண்ணுக்குத் தெரியாத ஆவியானவர் இருக்கிறார். அவரிடமிருந்து ஒளியின் பல நிலைகள் வெளிப்படுகின்றன. அந்த ஒளியுலகு முழுவதற்கும் பிளெரோமா என்று பெயர். கொலோசெயர் நிருபத்தில் "பரிபூரணம்" என்று நாம் வாசிப்பது இதே சொல்லைத்தான். அந்த நிலைகளில் கடைசியானவள் சோஃபியா, அதாவது ஞானம். அவள் தன் துணையின் சம்மதமில்லாமல் தானாக ஒன்றைப் பிறப்பிக்க விரும்புகிறாள். பிறந்தது சிங்கமுகமும் பாம்புடலும் கொண்ட ஓர் உரு. அவள் வெட்கப்பட்டு அதை ஒளிமேகத்துக்குள் மறைத்து வைக்கிறாள். அதன் பெயர் யல்தபாவோத்.

தன் தாயைக்கூட அறியாத யல்தபாவோத் தனக்கென்று அதிபதிகளை உண்டாக்கிக்கொண்டு, "நான் எரிச்சலுள்ள தேவன், என்னையன்றி வேறு தேவன் இல்லை" என்று அறிவிக்கிறான். உடனே அந்த நூல் கேட்கிறது: வேறொருவர் இல்லையென்றால் யார்மேல் எரிச்சல்? யாத்திராகமத்தின் வசனத்தை எடுத்து அதைச் சொன்னவனுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைக்கும் வாசிப்பு இது. பக்தியுள்ள ஒரு யூதருக்கோ கிறிஸ்தவருக்கோ இது எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு அதிபதிகள் மனிதனைச் செய்கிறார்கள். 365 தேவதூதர்கள் ஆளுக்கோர் உறுப்பாகச் சேர்த்து உடலைக் கட்டுகிறார்கள். நூலின் நீண்ட வடிவம், தலையை யார் செய்தது, வலக்கண்ணை யார் செய்தது என்று பெயர் பெயராகப் பட்டியல் போடுகிறது. இவ்வளவு பேர் சேர்ந்து செய்தும் ஆதாம் அசையாமல் கிடக்கிறான். மேலுலகத்தின் யோசனைப்படி யல்தபாவோத் அவன் முகத்தில் ஊதுகிறான்; ஊதியதும் தாயிடமிருந்து பெற்ற வல்லமை அவனைவிட்டு ஆதாமுக்குள் போய்விடுகிறது. ஆதாம் எழுகிறான், தன்னைச் செய்தவர்களைவிட அறிவில் மேலானவனாக. பொறாமை கொண்ட அதிபதிகள் அவனைப் பொருளுலகின் அடியாழத்தில் தள்ளுகிறார்கள்.

நமக்குள் ஒரு பொறி இருக்கிறது, அது இந்த உலகத்துக்குச் சொந்தமானதல்ல, நாம் அதை மறந்து தூங்குகிறோம், யாராவது வந்து எழுப்ப வேண்டும். எல்லாக் குழுக்களுக்கும் பொதுவானது என்று எதையாவது சொல்லலாமென்றால் இதைத்தான் சொல்வேன்.

ஏதேனில் பாம்பு நல்லதா?

சில நூல்களில் ஆம். "சத்தியத்தின் சாட்சி" என்ற நூல், நன்மை தீமை அறியும் கனியை ஆதாமுக்குக் கொடுக்கப் பொறாமைப்படும் இவர் எப்படிப்பட்ட கடவுள் என்று நேரடியாகவே கேட்கிறது. "நீ எங்கே இருக்கிறாய்" என்று ஆதாமைத் தேடியவருக்கு முன்னறிவு இல்லையா என்றும் கேட்கிறது. பாம்பு அங்கே அறிவு புகட்டும் ஆசிரியன். ஆனால் எல்லோரும் இப்படி வாசிக்கவில்லை. யோவானின் இரகசிய நூலில், அவர்களைச் சாப்பிட வைத்தது நானே என்று கிறிஸ்துவே சொல்கிறார்.

அப்படியானால் இயேசு அவர்களுக்கு யார்?

தூங்குகிறவரைத் தட்டி எழுப்ப ஒளியுலகிலிருந்து வந்தவர். மீட்பு என்பது பாவத்துக்கான பலியைவிட மறதியிலிருந்து விழிப்பதாக அவர்களிடம் அழுத்தம் பெறுகிறது.

சிலுவை விஷயத்தில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சிலுவை சுமந்த சிரேனே ஊராகிய சீமோனே இயேசுவுக்குப் பதிலாக அறையப்பட்டான் என்று பசிலிடெஸ் போதித்ததாக, இவர்களை மறுத்து நூல் எழுதிய ஆயர் இரனேயு எழுதுகிறார். வாலண்டினஸ் வழியில் வந்த "சத்திய நற்செய்தி"யோ, இயேசு மரத்தில் அறையப்பட்டதைத் தயக்கமின்றிச் சொல்கிறது. அவரையே அந்த மரத்தின் கனி என்கிறது. ஆகவே "நாஸ்டிக்குகள் எல்லோரும் இயேசுவின் உடலை மாயத்தோற்றம் என்றார்கள்" என்று ஒரே வரியில் எழுதும் கையேடுகளை நம்பாதீர்கள்.

தங்களுக்கு மட்டுமே மீட்பு என்று நினைத்தார்களா?

வாலண்டினஸின் சீடர்கள் மனிதரை மூவகையாகப் பிரித்தார்கள்: ஆவிக்குரியவர்கள், ஆன்மா நிலையில் இருப்பவர்கள், மண்ணுக்குரியவர்கள். கேட்கவே கசப்பாக இருக்கிறது. ஆனால் இந்தச் சொற்கள் பவுலிடமிருந்து எடுத்தவை. "ஜென்மசுபாவமான மனுஷன்" என்றும் "ஆவிக்குரியவன்" என்றும் கொரிந்தியர் நிருபத்தில் வருகிறதல்லவா? அங்கிருந்து வந்தது. சாதாரண சபை விசுவாசிகளை அவர்கள் நடுவகையில் வைத்தார்கள். அவர்களுக்கும் ஒரு கதி உண்டு, ஆனால் ஒளியுலகின் உள்ளறையில் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து அப்பம் பிட்கிறவர் உங்களை இரண்டாம் தரம் என்று நினைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஆயர்களுடைய கோபத்தில் ஒரு பங்கு இதிலிருந்து வந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அவர்களுடைய எழுத்தில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியுமா?

புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, வாலண்டினஸின் மாணவர் தொலெமேயு ஃபுளோரா என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதம். சிங்கமுகமும் 365 தூதர்களும் இதில் இல்லை. "என் சகோதரி ஃபுளோரா" என்று அழைத்து, மோசேயின் நியாயப்பிரமாணத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஓர் ஆசிரியர் பொறுமையாக விளக்குகிறார்.

நியாயப்பிரமாணம் முழுவதும் ஒரே கையிலிருந்து வந்ததல்ல என்கிறார். ஒரு பகுதி கடவுளுடையது, ஒரு பகுதி மோசே தானாகச் சேர்த்தது, ஒரு பகுதி மூப்பர்களுடையது. இதற்குச் சான்று இயேசுவின் வாய்மொழியே: மக்களின் இருதயக் கடினத்தினிமித்தம் மோசே தள்ளுதற்சீட்டை அனுமதித்தார், ஆதிமுதல் அப்படி இருக்கவில்லை. கடவுளுடைய பகுதியையும் அவர் மூன்றாகப் பிரிக்கிறார். பத்துக் கட்டளைகள் தூயவை. கண்ணுக்குக் கண் என்ற சட்டத்தில் அநீதி கலந்திருக்கிறது, அதை இயேசு நீக்கினார். பலி, விருத்தசேதனம், ஓய்வுநாள் போன்றவை அடையாளங்கள். அவற்றை உள்ளத்தில் நிறைவேற்ற வேண்டும். இப்படிப் படிப்படியாக வந்து, இந்தப் பிரமாணத்தைக் கொடுத்தவர் பூரண நன்மையான பிதாவும் அல்ல, பிசாசும் அல்ல, நடுவில் நிற்கும் நீதியுள்ள படைப்பாளி என்று முடிக்கிறார்.

முடிவை ஏற்காதவர்கள்கூட இதை வாசித்துவிட்டு "பைத்தியக்காரக் கூட்டம்" என்று சொல்ல மாட்டார்கள். இந்தக் கடிதம் நமக்குக் கிடைத்ததே அதைக் கண்டிப்பதற்காக எபிபானியு என்ற ஆயர் தன் நூலில் முழுவதுமாக எடுத்து எழுதியதால்தான்.

இவர்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரியவந்தது?

நெடுங்காலம் எதிராளிகள் வழியாக மட்டுமே. முக்கியமானவர் லியோன் நகர ஆயர் இரனேயு. சிறுவயதில் ஸ்மிர்னாவில் அவ்வூர் ஆயர் பொலிக்கார்ப்பின் போதனையைக் கேட்டவர். 177இல் லியோனில் நடந்த கொடிய துன்புறுத்தலில் ஆயர் பொத்தினு இறந்தபிறகு அந்தப் பொறுப்பை ஏற்றவர். 180ஆம் ஆண்டையொட்டி ஐந்து புத்தகங்களாக மறுப்பு நூல் எழுதினார். அவருக்குப் பிறகு தெர்த்துல்லியன், இப்போலித்து, எபிபானியு என்று பலர் எழுதினார்கள்.

1945 டிசம்பரில் நிலைமை மாறியது. மேல் எகிப்தில் நாக் ஹம்மாதி ஊருக்கு அருகே, ஜபல் அல்-தாரிஃப் என்ற குன்றின் அடிவாரத்தில், வயலுக்கு உரமண் தோண்டப்போன விவசாயிகள் ஒரு மண்ஜாடியைக் கண்டெடுத்தார்கள். உள்ளே ஜின் இருக்குமோ என்ற பயம், தங்கம் இருக்குமோ என்ற ஆசை, உடைத்தார்கள். இருந்தவை தோல் உறையிட்ட பாப்பிரஸ் நூல்கள். வீட்டுக்குக் கொண்டுபோனபின் சில தாள்கள் அடுப்பெரிக்கப் போய்விட்டதாகவும் சொல்லப்பட்டது. கண்டெடுத்தவர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன இந்தக் கதையின் நுணுக்கங்களை ஆய்வாளர்கள் சிலர் இன்று சந்தேகிக்கிறார்கள். நூல்களைப் பற்றிச் சந்தேகமில்லை. அவை கெய்ரோவின் கோப்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன: பன்னிரண்டு ஏடுகள், பதின்மூன்றாவதன் சில தாள்கள், மொத்தம் 52 எழுத்துகள், சில இருமுறையும் மும்முறையும் வருகின்றன. கிரேக்கத்திலிருந்து எகிப்தியரின் மொழியாகிய கோப்தியத்துக்குப் பெயர்க்கப்பட்டவை. ஏழாம் ஏட்டின் அட்டையை விறைப்பாக்க ஒட்டிய பழைய காகிதங்களில் 348 என்ற ஆண்டு வரை காணப்படுவதால், அந்த ஏடு அதற்குப் பிறகு கட்டப்பட்டது என்று தெரிகிறது.

இந்தக் குவியலில் பிளேட்டோவின் "குடியரசு" நூலிலிருந்து ஒரு துண்டும், மோசமான மொழிபெயர்ப்பில், இருக்கிறது. அதே ஆறாம் ஏட்டில், எழுதிக்கொடுத்தவர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் படியெடுத்தேன், இந்த நூலாசிரியருடைய வேறு பல என் கைக்கு வந்தன, அவை உங்களிடம் ஏற்கெனவே இருக்குமோ என்று எண்ணி எழுதவில்லை என்பது அதன் சாரம். புத்தகம் கைமாற்றிக்கொண்ட இரண்டு வாசகர்களை 1,600 ஆண்டுகளுக்கு அப்பால் நாம் எட்டிப் பார்க்கிறோம். எனக்கு இந்தக் குறிப்பு எந்தப் புராணத்தையும்விடப் பிடித்திருக்கிறது.

இரனேயு பொய் சொன்னாரா?

இல்லை. அவருடைய முதல் புத்தகத்தில் வரும் ஒரு சுருக்கம், யோவானின் இரகசிய நூலின் முற்பகுதியோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. "சத்திய நற்செய்தி" என்ற தலைப்பையும் அவர் குறிப்பிடுகிறார். ஆக, படித்துவிட்டுத்தான் எழுதினார். ஆனால் அவர் விட்டுவிட்டது அந்த எழுத்துகளின் தாகத்தை. சத்திய நற்செய்தியின் முதல் வரி, அந்த நற்செய்தி மகிழ்ச்சி என்கிறது. இந்த மகிழ்ச்சியின் வெப்பம் மறுப்பு நூலில் வாசகரை வந்தடைவதில்லை.

அவர் காக்க நினைத்தது சிறிய விஷயமும் அல்ல. மண்ணும் உடலும் நல்ல கடவுளின் கைவேலை, படைத்தவரே மீட்பவர், அப்போஸ்தலர் போதித்தது எல்லோர் முன்னிலையிலும் போதித்ததே தவிர சிலர் காதில் மட்டும் ஓதிய இரகசியம் அல்ல. தன் சபையார் உடல் சிதைந்து செத்ததை அறிந்த ஓர் ஆயர், அந்த உடலுக்கு மதிப்பில்லை என்று சொல்பவரிடம் எப்படிப் பொறுமை காட்டுவார்?

தோமா நற்செய்தி நம் மயிலாப்பூர்த் தோமாவுடையதா?

தோமாவின் பெயரில் எழுதப்பட்டது, அவ்வளவே. இயேசுவின் 114 மொழிகள் மட்டும் கொண்ட தொகுப்பு அது. பிறப்பு, சிலுவை, உயிர்த்தெழுதல் பற்றிய கதை இல்லை. "மரத்தைப் பிளந்து பார், நான் அங்கே இருக்கிறேன், கல்லைத் தூக்கு, அங்கே என்னைக் காண்பாய்" என்ற 77ஆம் மொழி பலருக்குத் தெரிந்தது. படைப்பாளியைப் பழிக்கும் கதை இதில் இல்லாததால், இதை நாஸ்டிக் நூல் என்பதையே பலர் ஏற்பதில்லை.

தோமாவை இந்தியாவுக்கு அனுப்பும் கதை வேறொரு நூலில், சிரியப் பகுதியில் மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட "தோமாவின் பணிகள்" என்ற நூலில் வருகிறது. அதற்குள் ஒரு பாட்டு இருக்கிறது: முத்தின் பாடல். கீழ்த்திசை இளவரசன் ஒருவன், பாம்பு காவல் காக்கும் முத்தை எடுத்துவர எகிப்துக்கு அனுப்பப்படுகிறான். அந்த நாட்டு உணவை உண்டதும் தான் யார் என்பதை மறந்து தூங்கிவிடுகிறான். தகப்பன் எழுதிய கடிதம் கழுகாகப் பறந்து வந்து அவன் பக்கத்தில் இறங்கிப் பேச, அவன் விழித்துக்கொள்கிறான். நாஸ்டிக் உணர்வை இதைவிட அழகாகச் சொன்ன எழுத்தை நான் படித்ததில்லை, கண்டிப்பான பொருளில் இது நாஸ்டிக் நூலே அல்ல என்று சிலர் சொன்னாலும்.

இயேசு மகதலா மரியாளை முத்தமிட்டார் என்று அந்த நூல்களில் இருக்கிறதாமே?

பிலிப்பு நற்செய்தியில் அப்படி ஒரு வரி உண்டு. ஆனால் எங்கே முத்தமிட்டார் என்ற சொல் வரவேண்டிய இடத்தில் பாப்பிரஸில் ஓட்டை இருக்கிறது! "வாய்" என்று நிரப்புவது ஊகம். மேலும் அதே நூல் முத்தத்தை அருளைப் பரிமாறும் அடையாளமாகப் பேசுகிறது. இதிலிருந்து திருமணக் கதை கட்டுவதற்கு நூலில் இடமில்லை.

பெண்களுக்குச் சம இடம் கொடுத்தார்களா?

சில இடங்களில் கொடுத்தார்கள் என்றே தோன்றுகிறது. எதிர்க்குழுவினரின் பெண்கள் கற்பிக்கவும் வாதாடவும் பேயோட்டவும் துணிகிறார்கள் என்று தெர்த்துல்லியன் கொதிக்கிறார். மரியா நற்செய்தியில், ஒரு பெண்ணிடம் ஆண்டவர் தனியாகப் பேசினாரா என்று பேதுரு சீறும்போது லேவி அவரைக் கண்டிக்கிறார். மறுபக்கம், தோமா நற்செய்தியின் கடைசி மொழி, தன்னை ஆணாக்கிக்கொள்ளும் பெண்ணே பரலோக ராஜ்யத்தில் நுழைவாள் என்கிறது. அதை மறைத்துவிட்டு முதல் இரண்டை மட்டும் காட்டுவது நேர்மையல்ல.

யூதாசு நற்செய்தி உண்மையானதா, போலியா?

பழைமையானது, அதில் ஐயமில்லை. ஏட்டின் கரிமக் கணிப்பு 220க்கும் 340க்கும் இடையே காட்டியது. எகிப்தில் கிடைத்து, விற்பனைக்கு அலைந்து, நியூயார்க் மாநிலத்து வங்கிப் பெட்டகம் ஒன்றில் சுமார் 16 ஆண்டுகள் கிடந்து நொறுங்கி, 2006இல்தான் வெளியிடப்பட்டது. இரனேயு காலத்திலேயே இப்பெயரில் ஒரு நூல் இருந்தது. ஆனால் யூதாசு வரலாற்றில் என்ன செய்தான் என்பதற்கு இது சான்றல்ல. இரண்டாம் நூற்றாண்டில் ஒரு குழு என்ன நினைத்தது என்பதற்கே சான்று. முதலில் வந்த மொழிபெயர்ப்பு யூதாசை நாயகனாகக் காட்டியது. அவனைக் குறிக்கும் ஒரு சொல்லை "ஆவி" என்று பெயர்ப்பதா, "பேய்" என்று பெயர்ப்பதா என்ற சண்டை அதன்பின் மூண்டது.

நிசேயா சங்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் இந்த நூல்களை நீக்கினாரா?

இல்லை. ஆயர்கள் கூடிய அந்த 325ஆம் ஆண்டுச் சங்கம், இயேசு படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனை பற்றியும் உயிர்த்தெழுதல் பெருவிழாவின் தேதி பற்றியும் பேசியது. வேதாகமத்தில் எந்த நூல்கள் சேரும் என்பதை அது முடிவு செய்யவில்லை. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்டது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய சுற்றுமடல். இரகசிய நூல்கள் என்ற பெயரில் உலவியவற்றை ஒதுக்கவும் அவர் சொன்னார். நாக் ஹம்மாதி ஏடுகள் அதன் விளைவாகவே புதைக்கப்பட்டன என்ற விளக்கம் பிரபலமானது; இறந்தவரோடு வைத்த புத்தகங்கள் என்று சொல்வோரும் உண்டு.

குழுக்கள் தேய்ந்ததற்குக் காரணம் பல. ஆயர்களின் சபைகள் ஊருக்கு ஊர் இணைந்திருந்தன. இவர்களோ ஆசிரியர்-மாணவர் வட்டங்களாகவே இருந்தார்கள். பின்னால் வன்முறையும் சேர்ந்தது. 388இல் யூப்ரடீஸ் ஆற்றங்கரையிலிருந்த கல்லினிக்கம் பகுதியில் துறவிகள் வாலண்டினியர்களின் கூடுமிடத்தைக் கொளுத்தினார்கள். அப்போதுதான் அங்கே யூதர்களின் தொழுகைக்கூடமும் எரிக்கப்பட்டது.

மார்சியனும் மானியும் நாஸ்டிக்குகளா?

உறவினர்கள் எனலாம். மார்சியன், 144இல் ரோமாபுரிச் சபையிலிருந்து விலக்கப்பட்டவர். அவர் கொடுத்திருந்த இரண்டு லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) காணிக்கையையும் சபை திருப்பிக் கொடுத்தது. பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்றார். ஆனால் உள்ளே மறைந்த பொறி, சோஃபியாவின் கதை ஆகியவை அவரிடம் இல்லை. மானி மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தனி மதமே தொடங்கினார். அகுஸ்தீன் சுமார் ஒன்பது ஆண்டுகள் அதில் இருந்து விலகியவர்.

நம் ஊர் ஞானமரபோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், அவசரப்படாமல். "அறியாமையே கட்டு, அறிவே விடுதலை" என்பது நம் காதுக்குப் பழக்கமான ராகம். ஆனால் சைவ சித்தாந்தத்தில் உலகம் உயிர்கள் ஆணவம் முதலிய மலம் நீங்கும்பொருட்டு இறைவன் அருளால் தருவது. யல்தபாவோத்தின் உலகமோ சிறை. இந்த வேறுபாட்டைத் துடைத்துவிட்டு "எல்லாம் ஒன்றே" என்றால் இரண்டு மரபுக்கும் அநீதி செய்தவர்கள் ஆவோம்.

இன்றும் யாராவது இருக்கிறார்களா?

மாண்டேயர்கள் இருக்கிறார்கள். "மண்டா" என்றால் அவர்களுடைய அராமிய மொழியில் அறிவு. திருமுழுக்கு யோவானைப் போற்றுபவர்கள், ஓடும் ஆற்றுநீரில் திரும்பத் திரும்ப முழுக்குப் பெறுபவர்கள், தெற்கு ஈராக்கிலும் ஈரானின் கூசிஸ்தானிலும் வாழ்ந்தவர்கள். 2003 போருக்குப் பின் பெரும்பாலோர் ஈராக்கைவிட்டு வெளியேறி, ஆஸ்திரேலியா, சுவீடன் போன்ற நாடுகளில் குடியேறியிருக்கிறார்கள். ஆறு மாறிப்போன ஒரு மக்கள். அவர்களை "எச்சம்" என்று எழுதுவது எனக்கு வலிக்கிறது.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களையும் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தையும் ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். அவர்கள் கையில் இருந்த பக்கங்கள் அவை. பிறகு ஃபுளோராவுக்கு எழுதிய கடிதம், முத்தின் பாடல், சத்திய நற்செய்தி. யோவானின் இரகசிய நூலை அதன்பின் எடுங்கள். முதலில் எடுத்தால் பெயர்ப் பட்டியலிலேயே களைத்துவிடுவீர்கள். கடைசியாக இரனேயுவின் முதல் புத்தகம். அவர் யாரோடு வாதாடுகிறார் என்பது அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.